வழக்கம் யார் பக்கம்? கே. பராசரனின் வாதங்களை ஒரு பெண் வாசிக்கும்போது

அமெரிக்காவின் 43 மாநிலங்களில் அட்டர்னி ஜெனரல் பதவிக்கு மக்கள் ஓட்டுப் போடுகிறார்கள். அந்தப் பதவிக்கு வர நினைக்கும் வழக்கறிஞர் ஊர் ஊராகப் போய்த் தன் நிலைப்பாட்டைச் சொல்ல வேண்டும். கருக்கலைப்பு பற்றி என்ன நினைக்கிறார், திருமணம் பற்றி என்ன நினைக்கிறார், மதத்துக்கும் அரசுக்கும் இடையே எங்கே கோடு போடுவார் என்று கேட்பார்கள். பழமைவாதி என்றால் பழமைவாதி என்று சொல்லித்தான் ஓட்டுக் கேட்பார். அவரைப் பிடிக்காத பெண் அவருக்கு எதிராக ஓட்டுப் போடலாம்.

நம் ஊரில் அப்படி இல்லை. அரசியலமைப்பின் 165ஆம் பிரிவின்படி மாநில அரசின் தலைமை வழக்கறிஞரை, அதாவது அட்வகேட் ஜெனரலை, ஆளுநர் நியமிக்கிறார். 76ஆம் பிரிவின்படி ஒன்றிய அரசின் அட்டர்னி ஜெனரலைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். உயர் நீதிமன்ற நீதிபதியாகவோ உச்ச நீதிமன்ற நீதிபதியாகவோ ஆகும் தகுதி இருந்தால் போதும். யாரும் ஓட்டுக் கேட்பதில்லை, யாரும் எதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியதும் இல்லை. சட்ட அறிவு என்ற ஒரே அளவுகோலால் அளந்து, பெரிய வக்கீல் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அரசியல்வாதியின் வாழ்க்கையை விமர்சிக்கிறோம், எழுத்தாளரின் வாழ்க்கையை விமர்சிக்கிறோம். வழக்கறிஞரின் வாழ்க்கை மட்டும் விமர்சனத்துக்கு வெளியே நிற்கிறது. இந்தக் கட்டுரை அப்படிப்பட்ட ஒரு வாழ்க்கையை, அதில் குறிப்பாக ஒரு வழக்கை, ஒரு பிரதியைப் போல வாசிக்கும் முயற்சி.

கே. பராசரன் 1927இல் ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர். வேத சாஸ்திரங்களிலும் சட்டத்திலும் தேர்ந்தவர் எனப் பெயர் பெற்ற வழக்கறிஞர் கேசவ ஐயங்காரின் மகன். 1950களின் தொடக்கத்திலிருந்து வக்கீல் தொழில் செய்தவர். 1976 ஜனவரி இறுதியில் தி.மு.க. அரசு கலைக்கப்பட்டுக் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தபோது தமிழ்நாட்டின் அட்வகேட் ஜெனரல் ஆனார். 1980இல் சொலிசிட்டர் ஜெனரல். 1983 முதல் 1989 வரை, இந்திரா காந்தி, ராஜீவ் காந்தி ஆட்சிகளில், அட்டர்னி ஜெனரல். 2003இல் பத்ம பூஷண், 2011இல் பத்ம விபூஷண். 2012 முதல் 2018 வரை மாநிலங்களவையின் நியமன உறுப்பினர். 2018இல் சபரிமலை வழக்கில் நாயர் சர்வீஸ் சொசைட்டிக்காக வாதாடினார். 2019இல், தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில், அயோத்தி வழக்கில் ராம் லல்லாவுக்காக வாதாடினார். அந்த வழக்கில் அவர் உட்கார்ந்தே வாதாடலாம் என்று தலைமை நீதிபதி சொன்னபோது, நின்று பேசுவதுதான் மரபு என்று மறுத்துவிட்டார். தீர்ப்புக்குப் பின் 2020இல் ராமர் கோயில் அறக்கட்டளையில் உறுப்பினரானார்.

இந்தப் பட்டியலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவருக்குப் பதவியும் விருதும் கொடுத்த அரசுகளில் காங்கிரசும் உண்டு, பா.ஜ.க.வும் உண்டு. மரபைக் காக்கும் சட்ட அறிவு எந்தக் கட்சிக்கும் சங்கடம் தருவதில்லை. பழமைவாதத்தை ஒரே ஒரு கட்சியின் கணக்கில் எழுதிவிட்டு நாம் நிம்மதியாக இருக்க முடியாது என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

நான் இதை எழுதுவது பாலவனத்தத்திலிருந்து. விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை போகும் சாலையில் இருக்கிற கரிசல் ஊர். கார்த்திகை பிறந்தால் எங்கள் பக்கம் தெருவுக்குப் பத்துப் பேராவது மாலை போடுகிறார்கள். மாலை போட்டவர் சாமி ஆகிவிடுவார். பெண்டாட்டியும் அவரைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும், தாயும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். விடியற்காலையில் வெந்நீர், தனிப் பாத்திரம், தனிச் சமையல், ஒவ்வொரு நாளும் கழுவித் துடைத்த வீடு. ஒரு மண்டலம் அவர் விரதம் இருக்கிறார் என்று சொல்கிறோம். அந்த விரதத்தின் வேலை முழுவதையும் செய்கிறவள் அடுப்படியில் நிற்கிறாள். அவளுக்கு வீட்டுவிலக்கு வந்துவிட்டால் அந்த நாட்களுக்கு அம்மா வீட்டுக்கோ பக்கத்து வீட்டுத் திண்ணைக்கோ போக வேண்டும். மலைக்குப் போகும்போது வழியனுப்ப அவள் வரலாம். மகளுக்குப் பத்து வயது ஆகவில்லை என்றால் மகள் கூடப் போகலாம். பத்து வயதுக்குமேல் இருவருக்கும் வீடுதான்.

ஆகவே சபரிமலை வழக்கு எங்களுக்குக் கேரளத்து வழக்கு அல்ல. மலையின் வாசலில் போடப்பட்ட கோடு எங்கள் வீட்டுத் திண்ணை வரைக்கும் வருகிறது.

இனி வாதங்களுக்கு வருவோம். 10 வயது முதல் 50 வயது வரையுள்ள பெண்கள் போகக் கூடாது என்ற தடையைக் கேரள உயர் நீதிமன்றம் 1991இல் உறுதி செய்தது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் நடந்த வழக்கில், தடையைக் காக்க வந்த நாயர் சர்வீஸ் சொசைட்டியின் குரல் பராசரனுடையது. அவர் சொன்னதைச் சுருக்கிச் சொன்னால் நான்கு படிகள். ஒன்று, ஐயப்பன் நைஷ்டிக பிரம்மச்சாரி. தடை தெய்வத்தின் அந்த இயல்பிலிருந்து வருகிறது, பெண் வெறுப்பிலிருந்து வரவில்லை. இரண்டு, இந்துக் கோயில்களை எல்லா வகுப்பினருக்கும் பிரிவினருக்கும் திறந்துவிட அரசுக்கு அதிகாரம் தரும் 25(2)(ஆ) பிரிவு சாதிக் கொடுமையை நீக்க வந்தது. அதில் வரும் வகுப்பு, பிரிவு என்ற சொற்கள் ஆண் பெண் வேறுபாட்டைக் குறிக்கவில்லை. மூன்று, தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் பிரிவும் சாதியைப் பற்றியது, மாதவிடாயைப் பற்றியது அல்ல. நான்கு, கேரளத்துப் பெண்கள் படித்தவர்கள், தாய்வழிச் சமூகத்தில் வந்தவர்கள். அவர்கள் ஏற்கும் வழக்கத்தை ஆணாதிக்கம் என்று சொல்ல முடியாது.

இவற்றை ஏளனம் செய்து தள்ளிவிடக் கூடாது. இரண்டாவது வாதத்தில் வரலாறு இருக்கிறது. 25(2)(ஆ) பிரிவுக்குப் பின்னால் இருப்பது சாதித் தடைக்கு எதிரான போராட்டந்தான். அந்தப் போராட்டத்தின் ஒரு முக்கியமான வழக்கு எங்கள் வறண்ட பூமியிலேயே நடந்தது. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். கோயிலின் பரம்பரை அறங்காவலரான ராமநாதபுரம் ஜமீன் வழக்குப் போட்டது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் நாடார்களுக்கு எதிராகத் தீர்ந்தது. நீண்டகால வழக்கம் அவர்களை உள்ளே விடவில்லை, ஆகவே விட வேண்டியதில்லை என்பதே அடிப்படை. அந்தக் கோயில் கதவுகள் திறக்க 1939இலும் 1947இலும் சட்டங்கள் வர வேண்டியிருந்தது.

கமுதியில் தடுக்கப்பட்டவர்கள் யார்? நாடார் ஆண்கள் மட்டுமா? சாதியாகத் தடுக்கப்பட்ட கூட்டத்தில் பாதிப் பேர் பெண்கள். சாதித் தடையும் பெண் தடையும் இரண்டு தனிக் கணக்கு என்று நீதிமன்றத்தில் பிரித்துக் காட்டலாம். ஒரே உடம்பில் இரண்டையும் சுமந்தவளுக்கு அந்தப் பிரிவினை பொருந்தாது. தீட்டு என்ற ஒரே சொல்தான் இரண்டு தடைக்கும் காரணமாகச் சொல்லப்பட்டது. நீதிபதி சந்திரசூட் தன் தீர்ப்பில் மாதவிடாய்த் தடையையும் 17ஆம் பிரிவுக்குள் கொண்டுவந்தது இந்தத் தொடர்பைப் பார்த்ததால்தான். ஒரு சட்டப் பிரிவு எதற்காகப் பிறந்தது என்பது அதன் எல்லை ஆகிவிடாது. 1908இல் கமுதியில் வென்ற வாதமும் 2018இல் டெல்லியில் வைக்கப்பட்ட வாதமும் ஒரே வேரிலிருந்து வருகின்றன: இதுவரை இல்லை, ஆகவே இனிமேலும் வேண்டாம்.

அப்படியானால் வழக்கம் எப்போதும் நமக்கு எதிரியா? இங்கேதான் எங்கள் ஊர்க் கதை வேறொன்று சொல்கிறது. பாலவனத்தம் என்றால் படித்தவர்களுக்குப் பாண்டித்துரைத் தேவர் நினைவுக்கு வருவார். 1901இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கம் கண்ட எங்கள் ஜமீன்தார். அவருடைய தந்தை பொன்னுசாமித் தேவர், ராமநாதபுரம் முத்துராமலிங்க சேதுபதியின் உடன்பிறந்தவர். அந்த முத்துராமலிங்கர் சேதுபதி ஆனது ஒரு விதவையால். கணவர் இறந்தபின் ராணி பர்வதவர்த்தினி நாச்சியார் அவரைத் தத்தெடுத்தார். கணவர் அனுமதி தராமல் விதவை தத்தெடுக்க முடியாது, ஆகவே ஜமீன் அரசுக்கு வர வேண்டும் என்று மதுரைக் கலெக்டர் தரப்பு வாதிட்டது. 1868இல் பிரிவி கவுன்சில் ராணியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தென்னாட்டு வழக்கப்படி, கணவனின் அனுமதி இல்லாவிட்டாலும் அவன் பங்காளிகளின் சம்மதத்தோடு விதவை தத்தெடுக்கலாம் என்றது. வழக்கம் தெளிவாக நிரூபிக்கப்பட்டால் எழுதிவைத்த சாஸ்திர வாசகத்தைவிட அதுவே மேல் என்ற கோட்பாடு இந்திய நீதிமன்றங்களில் வேரூன்றியது இந்தத் தீர்ப்பால். இன்று வரை சட்டக் கல்லூரிகளில் இதைப் படிக்கிறார்கள்.

அதாவது, சாஸ்திரத்தைவிட வழக்கம் பெரிது என்ற வாசகத்தை வென்று கொடுத்தது ஒரு பெண்ணின் வழக்கு. அதில் பங்காளிகளின் சம்மதம் என்ற பூட்டு இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் அந்த வாசகத்தில் இன்னொரு சொல்லும் இருக்கிறது: தெளிவான நிரூபணம். வழக்கம் பழமையானதாக, விட்டுப்போகாமல் தொடர்ந்ததாக இருக்க வேண்டும். ராணியிடம் அந்த நிரூபணத்தைக் கேட்டார்கள். சபரிமலையில் கேட்டால் என்ன கிடைக்கிறது? 1991 வழக்கிலேயே தேவஸ்வம் போர்டு ஒப்புக்கொண்ட செய்தி ஒன்று உண்டு. மண்டலம், மகரவிளக்கு, விஷு காலங்கள் தவிர்த்த மாத பூஜை நாட்களில், குழந்தைக்குச் சோறூட்ட இளம் தாய்மார்கள் சந்நிதிக்கு வந்திருக்கிறார்கள். காலம் காலமாக உடையாத தடை என்று சொல்லப்பட்டதில் அப்போதே உடைப்பு இருந்தது. ஆண்களின் வழக்கத்துக்கு நம்பிக்கை போதும், பெண்ணின் வழக்கத்துக்கு நிரூபணம் வேண்டும் என்பதுதான் நடைமுறை என்றால், பராசரனின் வாதம் நிற்கும் தளம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது.

நான்காவது வாதம் இதைவிடச் சிக்கலானது. கேரளத்தின் தாய்வழி முறையைப் பெண் விடுதலைக்குச் சாட்சியாக அழைக்கிறார். அந்த மருமக்கத்தாயம் எங்கே போனது? திருவிதாங்கூரில் 1912, 1925 நாயர் சட்டங்கள் அதைத் தளர்த்தின, தறவாட்டுச் சொத்தைப் பிரித்தன. 1975இல் கேரளச் சட்டமன்றம் கூட்டுக் குடும்ப முறையையே ஒழித்தது. நாயர் சமூகச் சீர்திருத்தக்காரர்கள் இந்த மாற்றங்களை வேண்டிக் கேட்டார்கள். பெண்வழியாகச் சொத்து இறங்கும் வழக்கத்தைக் கலைக்கும்போது வழக்கத்தின் புனிதம் யாருக்கும் தடையாக இல்லை. நாயர் சர்வீஸ் சொசைட்டியை 1914இல் தொடங்கிய மன்னத்து பத்மநாபன், வைக்கம் போராட்டத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களை எல்லோருக்கும் திறக்கக் கோரிச் சவர்ண ஜாதாவை நடத்திச் சென்றவர். நம் பெரியாரும் நாகம்மையும் கண்ணம்மாளும் நின்ற அதே போராட்டம். அந்த அமைப்பே பின்னாளில் வழக்கத்தின் பெயரால் நீதிமன்றம் வந்தது. எந்த வழக்கத்தை விடுவது, எதைப் பிடித்துக்கொள்வது என்பதைத் தேர்ந்தெடுக்கும் கை யாருடையது என்பதே கேள்வி. பெண்கள் படித்தவர்கள் என்பதால் அவர்கள் ஏற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம் என்பதும் அந்தக் கையின் பேச்சுத்தான். படித்த பெண்கள் சிலர் அதே நீதிமன்றத்தில் எதிர்த் தரப்பில் நின்றுகொண்டிருந்தார்கள்.

முதல் வாதம் பக்தியின் மொழியில் பேசுவதால் அதைத் தொடப் பலர் தயங்குகிறார்கள். நான் தெய்வத்தின் இயல்பைப் பற்றிப் பேச வரவில்லை. சட்டம் எதைச் செய்கிறது என்று பார்க்கிறேன். பிரம்மச்சரியம் ஒருவருடைய விரதம். அதைக் காக்கும் கடமை விலகி நிற்பதாக இன்னொருவர் மேல் விழுகிறது. எங்கள் தெருவிலும் இதேதான்: சாமியின் சுத்தத்துக்கு அவர் பெண்டாட்டி திண்ணைக்குப் போகிறாள். பெண்ணை வெறுக்கவில்லை என்று சொல்வது உண்மையாகவே இருக்கலாம். வெறுப்பு இல்லாமலும் ஒருத்தியை வெளியே நிறுத்த முடியும்.

2018 செப்டம்பர் 28 அன்று நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தடை நீங்கியது. அந்த ஒன்று நீதிபதி இந்து மல்ஹோத்ரா, அமர்வில் இருந்த ஒரே பெண். பெண்ணே சொல்லிவிட்டாரே என்று அன்றிலிருந்து நம்மிடம் கேட்கிறார்கள். அவர் சொன்னது, வழிபாட்டு நம்பிக்கை அறிவுக்குப் பொருந்துகிறதா என்று நீதிமன்றம் அளக்கக் கூடாது, பாதிக்கப்பட்ட பக்தர் அல்லாதவர் பொதுநல வழக்காக இதைக் கொண்டுவரக் கூடாது என்பது. அது ஒரு சட்ட நிலைப்பாடு. அதை எதிர்க்க வேண்டியது சட்டத்தால். பெண் என்பதால் அவர் நம் பக்கம் இருந்தே ஆக வேண்டும் என்று எதிர்பார்ப்பது, உடம்பை வைத்து ஆளை முடிவு செய்யும் அதே பழக்கம். அதே வழக்கில் பெண்கள் நுழைய வேண்டும் என்று வாதாடியவர் இந்திரா ஜெய்சிங், 2009இல் நாட்டின் முதல் பெண் கூடுதல் சொலிசிட்டர் ஜெனரலாக ஆனவர். தீர்ப்புக்குப் பின் 2019 ஜனவரி 2இல் இரண்டு பெண்கள் சந்நிதிக்குப் போனபோது, நடையைச் சாத்திச் சுத்திக் கிரியை செய்தார்கள். பிப்ரவரியில் மறுஆய்வு மனுக்களுக்காகப் பராசரன் மீண்டும் வந்தார். நவம்பர் 14இல் மூன்றுக்கு இரண்டு என்று பிரிந்த அமர்வு, கேள்விகளைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது.

வக்கீல் வேறு, வாதம் வேறு என்று சட்டம் படிக்கும் மாணவிகள் இந்த இடத்தில் சொல்வார்கள். கட்சிக்காரருக்காகப் பேசுவது தொழில் தர்மம், அதை வைத்து ஆளை எடைபோடலாமா? கொலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் வக்கீல் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அது எளியவரை அரசிடமிருந்து காக்கும் விதி. ஆனால் அறுபது ஆண்டுத் தொழிலின் உச்சியில், எந்த வழக்கை எடுக்கலாம் என்று தேர்வு செய்யும் வசதி உள்ள மூத்த வழக்கறிஞர், வேதமும் தர்ம சாஸ்திரமும் தன் சொந்தச் சொத்து என்ற உரிமையோடு பேசும்போது, அது கட்சிக்காரரின் குரலாக மட்டும் நின்றுவிடுவதில்லை. நாட்டின் அட்டர்னி ஜெனரலாக இருந்தவர் சொல்கிறார் என்ற எடையும் வாதத்தோடு சேர்ந்து வருகிறது. பதவியில் இருந்தவர்களிடமும் இதைப் பார்த்தோம். 2018 டிசம்பரில், அட்டர்னி ஜெனரலாக இருந்த கே.கே. வேணுகோபால் ஒரு பொது மேடையில், அரசியலமைப்பு அறம் என்பது ஆபத்தான ஆயுதம் என்று பேசினார். அது சபரிமலைத் தீர்ப்பை மனத்தில் வைத்துச் சொன்னது.

பதவி எந்த வீடுகளில் சுற்றிவந்தது என்றும் பார்க்க வேண்டும். 1890களில் சென்னை மாகாணத்தில் அட்வகேட் ஜெனரல் பொறுப்பேற்ற முதல் இந்தியர் பாஷ்யம் ஐயங்கார். அவருடைய மருமகன் எஸ். சீனிவாச ஐயங்கார் 1916இல் அதே பதவிக்கு வந்தார். 1977இல் பதவி வகித்த வி.பி. ராமனின் மகன் பி.எஸ். ராமனும் அதே நாற்காலிக்கு வந்தார். பராசரனின் மகன் மோகன் பராசரன் 2013இல் சொலிசிட்டர் ஜெனரல் ஆனார். இவர்கள் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. தந்தையிடமிருந்து மகனுக்கும் மாமனாரிடமிருந்து மருமகனுக்கும் நூலகமும் கட்சிக்காரர்களும் நீதிமன்றப் பழக்கமும் இறங்கின. மகளுக்கு என்ன இறங்கியது? பாஷ்யம் ஐயங்காரின் பேத்தியும் சீனிவாச ஐயங்காரின் மகளுமான அம்புஜம்மாள் 1899இல் பிறந்தார். சிறுவயதிலேயே திருமணம். பெண்கள் வக்கீலாகலாம் என்று சட்டம் சொன்னதே 1923இல்தான். அந்த வீட்டுச் சட்ட அறிவு அவருக்கு வரவில்லை. அவர் காந்தி இயக்கத்துக்குப் போய், சிறைக்குப் போய், பிறகு தந்தை பெயரில் பெண்களுக்காக ஒரு நிலையம் நடத்தினார். பராசரனுக்கு முன் தமிழ்நாட்டின் அட்வகேட் ஜெனரலாக இருந்த கோவிந்த் சுவாமிநாதனின் தாய், அரசியலமைப்பு அவையில் இருந்த பதினைந்து பெண்களில் ஒருவரான அம்மு சுவாமிநாதன். அவரும் நாயர் தறவாட்டுப் பெண். எந்தப் பிரிவுகள் பெண்களைக் கருதி எழுதப்பட்டவை அல்ல என்று 2018இல் வாதிட்டார்களோ, அந்தப் பிரிவுகள் நிறைவேறிய அவையில் அவர் உட்கார்ந்திருந்தார். இன்று வரை இந்தியாவுக்கு ஒரு பெண் அட்டர்னி ஜெனரல் இல்லை.

இதெல்லாம் டெல்லி, மயிலாப்பூர்ச் செய்தி என்று தோன்றலாம். எங்கள் பக்கம் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு ஒரு நாள் போய் நின்றால் போதும். 1989இல் தமிழ்நாட்டுச் சட்டமும் 2005இல் ஒன்றியச் சட்டமும் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கைக் கொடுத்துவிட்டன. 2020இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பங்கு பிறப்பாலேயே வருவது என்று உறுதியும் செய்தது. ஆனாலும் அக்காவும் தங்கச்சியும் வந்து அண்ணன் பெயருக்கு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். “நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு, பொம்பளப் பிள்ளை நெலம் கேக்குறது நம்ம வழக்கத்துல இல்லைத்தா” என்று சொல்லித்தான் கூட்டிவருகிறார்கள். சட்டம் தெளிவாக இருக்கும் இடத்திலும் வழக்கம் அதைத் தோற்கடிக்கிறது. படித்த பெண்களே மனம் ஒப்பித்தானே போடுகிறார்கள் என்று அங்கேயும் சொல்வார்கள். கையெழுத்து மறுத்தால் தாய்வீட்டு வாசல் அடைபடும் என்பது பத்திரத்தில் எழுதப்படுவதில்லை.

பராசரனின் வாதங்களை மாணவிகள் முழுமையாகப் படிக்க வேண்டும் என்றே நான் சொல்வேன். எதிரியின் மிகச் சிறந்த வாதம் எது என்று தெரியாமல் நம் வாதம் வளராது. அவருடையது சிறந்த வாதந்தான். படிக்கும்போது ஒவ்வொரு பத்தியிலும் மூன்று கேள்விகளை ஓரத்தில் எழுதுங்கள். இந்த வழக்கத்தை யார் நிரூபித்தார்கள்? யாருடைய விரதத்தை யாருடைய உடம்பு சுமக்கிறது? இதே தரப்பு எந்த வழக்கத்தைத் தனக்கு வேண்டாதபோது விட்டுக்கொடுத்தது? ராணி பர்வதவர்த்தினி வழக்கத்தை நிரூபித்து வென்றார். கமுதியில் வழக்கம் ஒரு சமூகத்தையே வாசலில் நிறுத்தியது. இரண்டும் நாற்பது ஆண்டு இடைவெளியில், ஒரே சீமையிலிருந்து, ஒரே நீதிமன்றத்துக்குப் போன வழக்குகள். வழக்கம் தானாக எந்தப் பக்கமும் பேசுவதில்லை. அதற்காகப் பேச ஒருவர் எழுந்து நிற்கிறார், கேட்க ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அந்த இரண்டு இடங்களுக்கும் எங்கள் பக்கத்துப் பெண்கள் போய்ச் சேரும் வரை, அங்கே சொல்லப்படுவதைச் சொல் சொல்லாகப் படித்துக் கேள்வி கேட்பது வாசகிகளின் வேலை.